புண்ணில் வைத்த நீர்

சென்ற ஆண்டு தைப்பூசக் காவடி முடிந்த நான்காம் நாள் காலையில்தான் அப்பாவின் வலது உள்ளங்காலில் இருந்த புண் எங்கள் கண்ணில் பட்டது. வீடு பெருக்கிக்கொண்டிருந்த அம்மா தரையில் ஈரத் தடம் ஒன்றைக் கண்டு, அதைப் பின்தொடர்ந்து போய் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தோல் உரிந்து கிடந்தது. மொரிஷியஸில் தை மாதம் கடுங்கோடை. கோயிலுக்குப் போகும் தார்ச்சாலை காலை பத்து, பதினொரு மணிக்கெல்லாம் கொதிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சாலையில் காவடி சுமந்து வெறுங்காலோடு நடந்து வந்த அப்பா, இந்த ஆண்டு பாதம் சுடவே இல்லை, எல்லாம் முருகன் அருள் என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார். பதினாறு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழும் ஒருவருக்குப் பாதம் சுடாமல் போனால், நரம்புகள் உணர்விழந்திருக்கலாம் என்று வேதியியல் கற்பிக்கும் எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இந்தத் தீவில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே நான் எழுதுவது எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் இருக்க முடியாது. விரல் இழந்த மாமாவோ, முழங்காலுக்குக் கீழே இழந்த பாட்டியோ இல்லாத குடும்பத்தை எங்கள் தெருவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அழைத்துப் போன இடத்தில் புண்ணைக் கழுவி, மஞ்சள் நிற மருந்து தடவி, உலர்ந்த காஸ் துணியை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அந்தத் துணியைப் பிரித்தபோது அது புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தவுடன் அப்போதுதான் முளைத்திருந்த இளஞ்சிவப்புச் சதையும் அதோடு சேர்ந்து வந்தது. அப்பாவுக்கு வலி தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் வலித்தது. மூன்றாம் வாரத்தில் புண்ணின் நடுவே மஞ்சள் படலம் கட்டி, ஓரங்கள் தடித்துவிட்டன. அதன்பிறகு வேறொரு மருத்துவமனையின் நீரிழிவுப் பாதச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த செவிலியர் தடித்த ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டு, ஒரு குழாயிலிருந்து கண்ணாடிபோல் தெளிவான, வழுவழுப்பான ஒரு பொருளைப் பிதுக்கிப் புண்ணின் பள்ளத்தை நிரப்பினார். அதன்மேல் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டினார்.

வீடு திரும்பும் பேருந்தில் அப்பா எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றுதான் என் தாயார் என்னை வளர்த்தார். அந்தப் பெண் தண்ணீரையே எடுத்து வைத்துக் கட்டுகிறது. நீ படித்தவள், இது சரியா என்று சொல்." அன்று நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, அவருக்குச் சொல்வதாகவே நினைத்து இங்கே எழுதுகிறேன்.

அப்பா, அது தண்ணீர்தான். அந்தக் குழாயில் இருப்பதில் பெரும்பங்கு நீர். ஆனால் ஓட முடியாத நீர். சந்தைக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த அலூடாவை நினைத்துப் பாருங்கள். நம் தலைநகர் போர்ட் லூயிஸின் மத்தியச் சந்தையில் உயரமான கோப்பையில் ஊற்றித் தரும் அந்தக் குளிர்ந்த பாலில் இரண்டு பொருள்கள் மிதக்கும். ஒன்று, நாம் துக்மாரியா என்று சொல்லும் திருநீற்றுப்பச்சை விதை. உலர்ந்திருக்கும்போது எள்ளைவிடச் சிறிதாகக் கறுப்பாக இருக்கும் அந்த விதை, நீரில் விழுந்த சில நிமிடங்களில் தன்னைச் சுற்றி ஒரு பளிங்குப் போர்வையை வளர்த்துக்கொள்கிறது. விதைத்தோலில் சுருண்டு கிடக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீரை இழுத்து விரிவதால் வரும் போர்வை அது. மற்றொன்று, துருவிப் போட்ட அகர்-அகர். கடற்பாசியை வேகவைத்து எடுப்பது. இரண்டிலும் நீர் இருக்கிறது, ஆனால் கோப்பையைச் சாய்த்தால் அந்த நீர் மட்டும் பிரிந்து வழிவதில்லை. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வலையாகி, அந்த வலையின் கண்களில் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் ஹைட்ரோஜெல் என்று பெயர். நீரில் வீங்கும், ஆனால் கரையாது; இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது ஹைட்ரோஜெல். சங்கிலிகள் நீரை விரும்புவதால் வீங்குகிறது. அவற்றுக்கு இடையே முடிச்சுகள் இருப்பதால் கரையாமல் நிற்கிறது. முடிச்சு நெருக்கமாக விழுந்தால் ஜெல் இறுகும், குறைவாக நீர் பிடிக்கும். தளர்வாக விழுந்தால் நெகிழும், நிறைய நீர் பிடிக்கும்.

அகரைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அது 85 பாகை அளவில்தான் உருகும், ஆனால் உருகிய பின் 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் மறுபடி உறையும். உருகுவதும் உறைவதும் ஒரே வெப்பநிலையில் நடக்காத இந்தக் குணத்தால்தான் சந்தையின் உச்சி வெயிலிலும் அலூடாவில் அது கரைந்துபோவதில்லை. இதே குணத்தை 1881-இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி நுண்ணுயிரியலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் வால்தர் ஹெஸ்ஸே, கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோச்சின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். கிருமி வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் கோடையில் உருகிப்போவதைக் கண்டு அவர் சலித்துக்கொள்ள, தன் சமையலறையில் பழக்கப்பட்டிருந்த அகரைப் பயன்படுத்திப் பார்க்கும்படி ஃபேனி சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டார் வழியாக அவர் அதை அறிந்திருந்தார். இன்றுவரை உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் கிருமி வளர்ப்பது அந்தப் பெண்மணி காட்டிய பொருளின் மேல்தான். உங்கள் புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்துப் போன சீழைப் பரிசோதித்ததும் பெரும்பாலும் ஓர் அகர்த் தட்டில்தான் நடந்திருக்கும்.

இனி, புண்ணில் ஏன் நீர் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழில் புண் "ஆறும்" என்கிறோம், "காயும்" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. காய்ந்த புண்ணின்மேல் பொருக்குத் தட்டும்போது நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் அந்தப் பொருக்கின் அடியில் நடப்பது வேறு. தோலின் மேற்படலம் திரும்ப மூட வேண்டுமானால், புண்ணின் ஓரத்திலிருக்கும் உயிரணுக்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வரவேண்டும். உலர்ந்து இறுகிய பொருக்கு இருந்தால் அவை மேலாக வர முடியாது. அதற்கு அடியில், ஈரம் எஞ்சியிருக்கும் ஆழத்தில், வழியைக் குடைந்துகொண்டு வரவேண்டும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடிய காயங்களில் ஈரம் தங்கியது; அவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடிக்கொண்டது. உங்கள் தாயார் சொன்னது தவறென்று நான் சொல்லமாட்டேன். அழுக்கான குளத்து நீரும் கிணற்று நீரும் புண்ணில் படக்கூடாது என்பது அந்தக் காலத்தில் உயிர் காத்த அறிவு. செவிலியர் வைத்தது நுண்ணுயிர் நீக்கிய நீர், அதுவும் வலைக்குள் கட்டுண்ட நீர். அது புண்ணின் மேல் பரவி ஊறவைக்காமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் படலமாக ஒட்டியிருந்த செத்த திசு அந்த ஈரத்தில் இளகும். பிறகு உடலின் சொந்த நொதிகளே அதைக் கரைத்துவிடும். கத்தி வைக்காமல் அது கழன்று வந்ததை நான்காவது முறை கட்டுப் பிரித்தபோது நீங்களே பார்த்தீர்கள்.

அந்தக் குழாயின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். நீர், புரொப்பிலீன் கிளைகால், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற மூன்றே பொருள்கள். செல்லுலோஸ் நமக்கு அந்நியமானதல்ல. பருத்தியிலும் மரக்கூழிலும் கரும்புச் சக்கையிலும் இருப்பது அதுதான். ஆனால் வெறும் செல்லுலோஸ் நீரில் கரையாது. அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நீரை உள்ளே விடுவதில்லை. காரத்தையும் குளோரோஅசிட்டிக் அமிலத்தையும் கொண்டு அந்தச் சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் கொண்ட சிறு கிளைகளை ஒட்டவைத்தால், அவை ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. இடையே நீர் புகுந்துவிடுகிறது. இதை இயற்கைப் பொருள் என்பீர்களா, செயற்கைப் பொருள் என்பீர்களா? தாவரம் கட்டிய சங்கிலி, தொழிற்சாலை ஒட்டிய கிளை. நம் ஊர் மருந்துக் கடைகளில் "இயற்கையானது" என்று எழுதிய பொட்டலத்தை நம்பி, மற்றதை இரசாயனம் என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நீரும் இரசாயனம்தான் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மருத்துவ ஹைட்ரோஜெல்களைப் பொறுத்தவரை இந்தப் பாகுபாடு ஏறக்குறைய எந்த முடிவுக்கும் உதவாது என்பதுதான் இவ்வளவு படித்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம்.

கடற்பாசியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நம் கடற்கரைகளில் அலை ஒதுக்கும் பழுப்புப் பாசிகளின் உயிரணுச் சுவரில் ஆல்ஜினேட் என்ற சங்கிலி இருக்கிறது. 1881-இல் ஸ்காட்லாந்துக் கடற்பாசியிலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட். அதன் சங்கிலியில் இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் மாறி மாறி வருகின்றன. அவற்றில் குலுரோனிக் அமிலம் தொடர்ச்சியாக வரும் பகுதிகள் மடங்கி மடங்கிச் சிறு குழிகளாக அமைகின்றன. இரண்டு சங்கிலிகள் எதிரெதிராக வரும்போது அந்தக் குழிகளில் கால்சியம் அயனிகள், முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல் உட்கார்ந்துகொள்கின்றன. அதுதான் முடிச்சு. இந்த ஆல்ஜினேட்டை நாராக நூற்றுத் துணிபோல் செய்து கசிவு மிகுந்த புண்ணில் வைத்தால், கசியும் நீரிலுள்ள சோடியம் அயனிகள் கால்சியத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கின்றன. முடிச்சு தளர்ந்து நார் ஜெல்லாக மாறுகிறது. கசிவைக் குடித்தே அது ஜெல்லாவதால் புண்ணில் ஒட்டாது. உப்புநீரால் கழுவினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் உங்கள் புண் ஆறாம் வாரத்தில் மிகுதியாகக் கசியத் தொடங்கியபோது செவிலியர் குழாய் ஜெல்லை நிறுத்திவிட்டு, பஞ்சுபோன்ற வெள்ளைத் துண்டுக்கு மாறினார். வறண்ட புண்ணுக்கு நீர் கொடுக்கும் ஜெல், கசியும் புண்ணுக்கு நீர் எடுக்கும் ஜெல். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் சுற்றுத் தோல் ஊறி வெளுத்துவிடும், அல்லது புண் மறுபடி உலர்ந்துவிடும். பல் மருத்துவர் உங்களுக்குச் செயற்கைப் பல் செய்ய அச்சு எடுத்தபோது வாயில் வைத்த களிம்பும் இதே ஆல்ஜினேட்தான்.

ஆனால் இந்த இயற்கைப் பொருளைக் கரைக்கும் நொதி மனித உடலில் இல்லை. உடலுக்குள் வைத்தால், கால்சியம் மெல்ல மெல்ல வெளியேறி வலை தளரும். சங்கிலிகளோ வெட்டப்படாமல் அப்படியே இருக்கும். அவை சிறியவையாக இருந்தால் சிறுநீரகம் வெளியேற்றும், பெரியவையாக இருந்தால் தங்கிவிடும். அதற்கு நேர்மாறாக, முழுக்க முழுக்க ஆய்வகத்தில் பிறந்த பாலிஎத்திலீன் கிளைகாலைப் பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும்போது அருகிலிருக்கும் மலக்குடல் வெந்துவிடாமலிருக்க, இரண்டுக்கும் இடையே இந்தப் பொருளின் கரைசலை ஊசியால் செலுத்துகிறார்கள். உள்ளே போன சில நொடிகளில் அது உறைந்து மெத்தைபோலாகி, மலக்குடலை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி வைக்கிறது. சிகிச்சை முடியும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் அப்படியே நின்று, பிறகு அதன் முடிச்சுகள் நீரால் தாமாகவே அறுந்து, ஆறு மாதத்தில் உடலிலிருந்து வெளியேறிவிடுகிறது. எப்போது கரைய வேண்டும் என்பதை முடிச்சிலேயே எழுதி அனுப்புவது போன்றது அது. அமெரிக்காவில் 2015-இல் ஒப்புதல் பெற்ற முறை. இங்கே செயற்கைப் பொருள் அடையாளமின்றி விலகிப்போக, இயற்கைப் பொருள்தான் உள்ளே தங்குகிறது.

இதை வைத்துச் செயற்கையே சிறந்தது என்று முடிவு கட்டுவதும் தவறாகும். பாலிஅக்ரிலமைடு ஜெல்லை மார்பகத்தைப் பெரிதாக்குவதற்காகப் பல்லாயிரம் பெண்களுக்குச் சீனாவில் ஊசியால் செலுத்தினார்கள். அது கரையவும் இல்லை, இருந்த இடத்தில் நிற்கவும் இல்லை. கட்டிகளும் வீக்கமும் கிருமித் தொற்றும் வந்து, வெளியே எடுக்கவும் முடியாமல் அந்தப் பெண்கள் பட்ட துன்பத்துக்குப் பிறகு 2006-இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. அந்தச் சங்கிலியைக் கட்டப் பயன்படும் அக்ரிலமைடு என்ற சிறு மூலக்கூறு நரம்புக்கு நஞ்சு. சங்கிலியில் சேராமல் மிச்சமிருப்பதை முழுவதும் கழுவி நீக்காவிட்டால் ஆபத்து. கடற்பாசியிலிருந்தும் இறால் ஓட்டிலிருந்தும் விலங்குத் தோலிலிருந்தும் எடுப்பவற்றுக்கும் இதே கடமை இருக்கிறது. அவற்றில் ஒட்டி வரும் புரதங்களையும் பாக்டீரியா நச்சுகளையும் நீக்க வேண்டும். ஒரு பருவத்தில் அறுத்த பாசியும் அடுத்த பருவத்துப் பாசியும் ஒரே மாதிரியான சங்கிலியைத் தருவதில்லை என்பதால் ஒவ்வொரு கொள்முதலையும் சோதிக்க வேண்டும். எங்கே பிறந்தது என்பதைவிட, எவ்வளவு தூய்மையாக்கப்பட்டது, எந்த முடிச்சால் கட்டப்பட்டது, எத்தனை நாள் இருக்க வேண்டும் என்ற கேள்விகளே நோயாளிக்கு முக்கியமானவை.

இந்த முடிச்சு வலை நீரை எப்படிப் பிடிக்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட நான் குழந்தைகளின் டயப்பரை வெட்டுவேன். அதற்குள் இருக்கும் வெள்ளைத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு குடித்து, பஞ்சுப் பனிபோல் குவிந்துவிடும். அதன்மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவினால் சில நொடிகளில் அது தளர்ந்து நீரைக் கக்கத் தொடங்கும். சங்கிலியிலுள்ள எதிர்மின்னூட்டங்களைச் சமன்செய்ய ஜெல்லுக்குள் சோடியம் அயனிகள் அடைபட்டிருக்கின்றன; உள்ளே அயனி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்வரைதான் நீர் உள்ளே வரும். வெளியேயும் உப்பு மிகுந்தால் அந்த இழுவை இல்லாமல் போகிறது. நம் உடல் திரவங்கள் உப்பானவை. ஆகவே வெறும் நீரில் காட்டும் வீக்கத்தைப் பெரிதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பக்கூடாது. உப்புநீரில் அது தன் எடையைப்போல் முப்பது, நாற்பது மடங்குதான் குடிக்கும். புண்ணுக்கான எந்த ஜெல்லையும் உப்புக் கரைசலில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணில் வைக்கும் மென்மையான லென்ஸ்கள்தாம் மருத்துவத்துக்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஹைட்ரோஜெல்களில் முன்னோடி. செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே, டிராஹோஸ்லாவ் லிம் இருவரும் 1960-இல் அந்தச் செயற்கைப் பொருளை அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில் விக்டர்லே தன் வீட்டு மேசையில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு சுழல் இயந்திரம் செய்து, முதல் நான்கு லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அந்த லென்ஸில் ஏறக்குறைய 38 விழுக்காடு நீர். கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. காற்றிலிருந்துதான் அது ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. லென்ஸிலுள்ள அந்தக் கொஞ்ச நீரின் வழியாகத்தான் ஆக்ஸிஜன் கண்ணைச் சென்றடைய முடிந்தது என்பதால், அந்த லென்ஸோடு உறங்குவது கருவிழிக்கு ஆகாது.

அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சையின்போது கண்ணறை சுருங்காமல் தாங்கிப் பிடிக்கச் செலுத்திய தெளிந்த கூழ், அநேகமாக ஹையலுரோனிக் அமிலம் கொண்டதாக இருந்திருக்கும். அது நம் கண்ணிலும் மூட்டிலும் தோலிலும் இயல்பாகவே இருப்பது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள்; பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள்; இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். நம் உடலுக்கே உரியது என்பதால் உடல் அதைச் சில நாள்களில் கரைத்துவிடுகிறது. நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் செயற்கை முடிச்சுகளால் அதைப் பிணைக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட மற்றொரு கேள்வி என்னை நெகிழச் செய்தது. புண் இருந்த நாள்களிலேயே மாரியம்மன் கோயில் விரதம் வந்தபோது, "இந்தக் கூழில் மாட்டு எலும்பு இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். உங்கள் குழாயில் இல்லை. ஆனால் கேட்பதற்கு உரிமையுள்ள கேள்வி அது. கொலாஜனும் ஜெலட்டினும் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றிலிருந்து வருபவை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் நம் மருத்துவமனைகளில், புண்ணில் வைக்கும் பொருளின் மூலம் எது என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பொருள்களை ஆய்வாளர்கள் விரும்புவதற்கும் காரணம் உண்டு. நம் உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் பிடிகள் அந்தப் புரதச் சங்கிலியிலேயே அமைந்திருக்கின்றன. ஆல்ஜினேட்டிலும் பாலிஎத்திலீன் கிளைகாலிலும் அந்தப் பிடிகள் இல்லாததால் உயிரணுக்கள் அவற்றின் மேல் நிலைகொள்வதில்லை. மூன்று அமினோ அமிலங்களால் ஆன அந்தப் பிடியை 1984-இல் கண்டறிந்த பிறகு, அதை மட்டும் தனியாகச் செய்து, விலங்கின்றியே மற்ற ஜெல்களில் ஒட்டவைக்க முடிகிறது. விரதம் இருப்பவர்களுக்கும் இது நல்ல செய்தி.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது போலந்து நாட்டில் லோட்ஸ் நகரத்தில் யானுஷ் ரோசியாக் 1980-களில் உருவாக்கிய புண்கட்டுத் துண்டு. பாலிவினைல்பைரோலிடோன் என்ற செயற்கைப் பலபடி (நீண்ட சங்கிலி மூலக்கூறு), சிறிது பாலிஎத்திலீன் கிளைகால், சிறிது அகர், மீதி நீர். நீரே 90 விழுக்காட்டுக்கு மேல். இவற்றைச் சூடாகக் கலந்து தட்டில் ஊற்றினால், ஆறும்போது அகர் உறைந்து துண்டுக்கு வடிவம் கொடுக்கிறது. அந்த நிலையிலேயே உறையிட்டு மூடி, 25 கிலோகிரே அளவு கதிர்வீச்சின்கீழ் வைக்கிறார்கள். கதிர்வீச்சு செயற்கைச் சங்கிலிகளுக்கிடையே நிலையான முடிச்சுகளைப் போடுகிறது. அதே வேளையில் உறைக்குள்ளிருக்கும் கிருமிகளையும் கொன்றுவிடுகிறது. வேறு எந்த இரசாயனப் பிணைப்பானும் தேவைப்படாததால் அதன் மிச்சமும் உள்ளே இருக்காது. அகர்ச் சங்கிலிகள் அந்தக் கதிர்வீச்சில் ஓரளவு அறுந்துபோகின்றன. வளைவு கட்டி முடியும்வரை சாரம் தாங்குவதுபோல, வலை உருவாகும்வரை தாங்கிக்கொடுத்துவிட்டு அவை ஒதுங்கிக்கொள்கின்றன. அலூடாவில் மிதக்கும் அதே பாசிப்பொருள், தீக்காயம் பட்டவர்களின் உடலில் வைக்கும் துண்டுக்குள்ளும் இருக்கிறது என்று சொன்னபோது நீங்கள் நெடுநேரம் பேசாமல் இருந்தீர்கள்.

நம் தீவிலேயும் இந்த வேலை நடக்கிறது. மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ, உயிர்ப்பொருள் ஆய்வு மையத்தில் கரும்புச் சக்கையின் செல்லுலோஸையும் கடற்பாசிச் சர்க்கரைச் சங்கிலிகளையும் செயற்கைப் பலபடிகளோடு சேர்த்து, தோல் வளர்வதற்கான தாங்கிகளை உருவாக்கி ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் முன்னோர் இந்தத் தீவில் வெட்டிச் சுமந்த கரும்பின் சக்கை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நீரிழிவுப் புண்ணை மூடும் நாள் வருமானால், அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. ஆய்வகத்திலிருந்து செவிலியர் கைக்கு வருவதற்குள் நீண்ட சோதனைகள் இருக்கின்றன என்பதையும், அவற்றைக் குறுக்கக்கூடாது என்பதையும் அறிந்தேதான் ஆசைப்படுகிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். உங்கள் புண் ஆறியதற்கு ஜெல் ஒரு பங்குதான். அடைப்பு இருக்கிறதா என்று காலின் இரத்த ஓட்டத்தை மருத்துவர் பார்த்தார்; நல்லவேளையாக இல்லை. பாதத்தின் அந்த இடத்தில் எடை விழாமலிருக்கத் தனிச் செருப்புக் கொடுத்தார்கள். அதை அணியாமல் நீங்கள் குளியலறைக்குப் போன நாளெல்லாம் புண் ஓர் அடி பின்னால் போனது. அம்மா சோற்றின் அளவைக் குறைத்தார், இன்சுலின் தொடங்கியது. இரத்தம் வராத காலில், கறுத்து உலர்ந்த விரலில், எலும்புவரை சீழ் பிடித்த புண்ணில் எந்த ஜெல்லைப் பூசினாலும் பயனில்லை. சில வேளைகளில் கேடும் விளையும். இதைப் படிக்கும் எவரும் மருந்துக் கடையில் ஒரு குழாயை வாங்கி வீட்டில் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பாதத்தில் புண் கண்ட அன்றே காட்டுங்கள்.

பதினான்காம் வாரத்தில் செவிலியர் கட்டைப் பிரித்து, இனி மூட வேண்டியதில்லை என்றார். புதுத் தோல் மெலிதாக, பளபளப்பாக, சுற்றியிருந்த தோலைவிட வெளிர்நிறமாக இருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வழுவழுவென்று இருக்கிறது, மகளே" என்று அந்தச் செவிலியரிடம் சொன்னார்.

இந்த ஆண்டுக் காவடிக்கு அவர் சாலையில் நடக்கவில்லை. விடியும் முன்பே கோயிலுக்குப் போய், தரை குளிர்ந்திருக்கும்போதே, குருக்களிடம் கேட்டு அனுமதி பெற்றுத் தடித்த வெள்ளைக் காலுறைகளோடு உள்சுற்றில் மட்டும் பால்குடம் எடுத்தார். வீடு திரும்பியதும் நாற்காலியில் உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றினார்; அம்மா கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடிக்க, இருவருமாக ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்தார்கள். அது இப்போது அவர்கள் நாள்தோறும் இரவில் செய்யும் வேலை.